ஒரே ஓர் அம்புக்குறி

என் ரீட்டாக்குட்டி,

உன் மகள் நிவி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உன்னைவிட உயரமாகிவிட்டாள். வெறும் காய்ச்சல் என்றுதான் நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாய். "ஹோம்வொர்க்க முடிச்சு வை, வந்து பாக்கறேன்" என்று அவளிடம் சொன்னாய். முடித்துத்தான் வைத்திருந்தாள். நீதான் திரும்பி வரவில்லை.

உன் கணவர் ஜெரால்டுக்கு நைட் ஷிப்ட். அதனால் நிவியை அஸ்தினாபுரத்துக்கு, என்னிடம் கூட்டி வந்துவிட்டேன். அதுவரை இங்கிலீஷ் மீடியம். வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்ததோ தமிழ் வழிப் பள்ளி. கணக்கு அவளுக்கு வரும், சொற்கள்தான் வரவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்வேன். கணம் என்றால் இங்கே நொடி இல்லை, ஒரு கூட்டம். அதற்குள் இருப்பவை உறுப்புகள். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால் வெற்றுக் கணம்.

"ஒண்ணுமே இல்லன்னா அதுக்கு எதுக்குப் பேரு?" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "எங்க ஊரப்பாக்கம் வீடு மாதிரியா, பெரியம்மா? பூட்டிக் கெடக்கே."

முதல் பாடத்தின் பெயரே 'உறவுகளும் சார்புகளும்'. தலைப்பைப் படித்துவிட்டு, "இதுல நான் எது, உங்களுக்கு உறவா, சார்பா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

டீச்சர் கொடுத்த உதாரணம் இது. இடது வட்டத்தில் பிள்ளைகள், வலது வட்டத்தில் அம்மாக்கள். ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் தன் அம்மாவுக்கு ஓர் அம்புக்குறி. இரண்டு போகக் கூடாது, ஒன்றுகூடப் போகாமலும் இருக்கக் கூடாது. அப்போதுதான் அது சார்பு. அம்பு போய்ச் சேரும் இடத்துக்கு நிழல் உரு என்று பெயர். யார் வைத்த பெயரோ, தெரியவில்லை.

வீட்டுப்பாடத்தில் தோழிகள் எல்லோருக்கும் அம்பு போட்டிருந்தாள். 'நிவேதா' மட்டும் அம்பில்லாமல் நின்றது.

அன்றுதான் ஜெரால்டு போன் செய்திருந்தார். மறுமணம் செய்துகொண்டு கேளம்பாக்கம் போய்விட்டார் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. "ஞாயித்துக்கிழமை வர்றேன்க்கா. நிவி இனிமே எங்ககூட இருக்கட்டும். என் வொய்ஃப அம்மான்னு கூப்பிடச் சொல்லுங்க, பழகிடும்." கெட்ட மனிதர் இல்லை, ரீட்டா. அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை.

ஸ்பீக்கரில் நிவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு போட்டாலும் தப்பு, போடலன்னாலும் தப்பு. நான் எங்க போடறது?"

"அம்மா உயிரோட இருக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கா?" என்று கேட்டேன். வாயில் வந்ததைத்தான் கேட்டேன். அவளோ நிஜமாகவே பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்து, வரி வரியாகத் தேடினாள்.

"இல்ல."

வலது வட்டத்தில் 'ரீட்டா' என்று எழுதினாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அம்பு போட்டாள். அந்த வட்டத்தில் என் பெயர் இல்லை. அது இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை ஜெரால்டு கேக் வாங்கி வந்தார். நிவி தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "வர்றேன்பா. ஆனா அவங்கள சித்தின்னுதான் கூப்பிடுவேன். அம்மாக்கு ஒரு அம்புதான். போட்டாச்சு."

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களாக்கா?"

"புத்தகத்துல இருக்கு," என்றேன்.

அவர் கேக்கைத் தொடவில்லை. கிளம்பும்போது, "சித்தின்னே கூப்பிடட்டும். பரீட்சை முடியட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். நிவி தலையாட்டினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் போன பிறகு இந்த வீட்டுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. அவள் எங்கே இருந்தாலும் உன் பெயர் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். அந்த அம்பை யாரும் அழிக்க விடமாட்டேன், ரீட்டா. என் பக்கம் திருப்பவும் மாட்டேன்.

உன் அக்கா,
நிவிக்குப் பெரியம்மா,
ஸ்டெல்லா