ஒன்பது அங்குலம்

ஜனவரி 6

இன்றும் திரை தானாகச் சுருங்கியது. நடுவிரல் மவுஸ் சக்கரத்தின் மேல் கிடக்கிறது, கிடக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. கார்த்திகையில் உத்தரகோசமங்கை பஸ்ஸின் கதவில் மாட்டிய விரல். வீக்கம் வடிந்துவிட்டது, உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. பிளானில் கோடு இழுத்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் உருண்டு, திரையில் வீடு முழுவதும் தீப்பெட்டி அளவுக்குப் போய்விடுகிறது.

இன்ஜினியர் நாகேந்திரன் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால்? ராமநாதபுரத்தில் பிளான் வரைய என்னைவிட வேகமான பிள்ளைகள் இருபது பேர் நிற்கிறார்கள். தங்கை சுகந்தி பிளஸ் டூ முடிக்கும்வரையாவது இந்த நாற்காலி வேண்டும்.

ஜனவரி 9

வழி கிடைத்தது. ஜூம் ஃபேக்டர் என்று ஓர் அமைப்பு. அறுபதில் இருந்ததை மூன்றாக்கினேன். இப்போது சக்கரம் உருண்டாலும் திரை கொஞ்சந்தான் நகர்கிறது. போதாதென்று சக்கரத்தின் மேல் செலோ டேப்பும் ஒட்டினேன். நாள் முழுக்க ஒரு தடவைகூடத் துள்ளவில்லை. எவ்வளவு பெரிய நிம்மதி!

ஜனவரி 10

காலையில் டேப் குப்பைக்கூடையில் கிடந்தது. நேற்று நான் கிளம்பிய பிறகு சார் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறார். "யாரும்மா இத ஆமையா ஆக்கி வச்சது? மறுபடி அறுபதுல வச்சிட்டேன்" என்றார். "தெரியல சார்" என்றேன். காரணம் சொன்னால் விரலைச் சொல்ல வேண்டும். இனி அதைத் தொட முடியாது.

ஜனவரி 22

கீழக்கரை சபியா வீட்டுத் தூண் பிளான். வீட்டுக்காரர் சதக்கத்துல்லா துபாயில் இருக்கிறார். சபியா மூன்று தடவை போன் செய்துவிட்டார். "நோன்பு பிறக்குறதுக்குள்ள அஸ்திவாரம் எழும்பிறணும்மா, இன்ஷா அல்லாஹ்." மாடிப்படி ஓரத்துத் தூணைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, பிறகு வேண்டாம், பழைய இடத்திலேயே வை என்றார் சார். வைக்கும்போது திரை ஒருமுறை சுருங்கி மீண்டது. சரியாகத்தான் விழுந்திருக்கும். பிரிண்ட் எடுத்து வீரையா மேஸ்திரியிடம் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 10

எப்படி எழுதுவது இதை?

பதினொரு மணிக்கு சார் கீழக்கரையிலிருந்து கூப்பிட்டார். தூண்கள் தரைமட்டத்துக்கு மேல் வந்துவிட்டன, மாடிப்படித் தூண் மட்டும் ஒன்பது அங்குலம் தள்ளி நிற்கிறது, உத்தரம் அதில் உட்காராது என்றார். காரில் கிடந்த பழைய அனுமதி பிளானை வைத்து அளந்திருக்கிறார். "அதுல பதினோரடி மூணு அங்குலம். நம்ம ஃபைல்ல என்ன இருக்கு, பாத்துச் சொல்லு."

திறந்தேன். பன்னிரண்டு அடி. அன்று திரை சுருங்கிய நொடியில், நான் வைத்த தூண் சுவரின் ஒரு விளிம்பைப் பிடிப்பதற்குப் பதில் மறு விளிம்பைப் பிடித்திருக்கிறது. தூணை நகர்த்தினால் அளவு எண்ணும் கூடவே மாறிக்கொள்ளும் — பார்த்தால் தப்பே தெரியாது.

"பதினோரடி மூணுதான் சார்."

என் வாய்தான் சொன்னது. போனில் அந்தப் பக்கம் அவர் வீரையாவைத் திட்டுவது கேட்டது. "ஒரு நூல் புடிக்கத் துப்பில்ல, நீயெல்லாம் மேஸ்திரியா?" வீரையா ஏதோ தணிந்த குரலில் சொன்னார். காகிதம் வீட்டில் இருக்கிறது என்பது மாதிரி. சார் அதைக் கேட்கவில்லை.

பிறகு தூணைச் சரியான இடத்தில் வைத்து ஃபைலைச் சேமித்தேன். இரண்டே கிளிக்கில் முடிந்துவிட்டது. அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 12

வீரையாவை நிறுத்திவிட்டார்கள். தூணை உடைக்கிறார்கள்.

பிப்ரவரி 17

வீரையா ஆபீசுக்கு வந்தார். சார் மதுரை போயிருந்தார். கையில் நான் கொடுத்த அதே பிரிண்ட், சிமெண்ட் கறையோடு. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

சண்டை போட்டிருக்கலாம்.

மேசைமேல் விரித்துவிட்டு, "இதுல பன்னெண்டடின்னு இருக்கு தாயி. பன்னெண்டுலதான் நட்டேன். கம்ப்யூட்டரு தப்பாப் போடாதுல்ல? அப்ப எங்கன நான் தப்புப் பண்ணேன்? சொல்லு, அடுத்த வீட்டுல திருத்திக்கிறேன்" என்றார்.

உண்மையாகவே கேட்கிறார். முப்பது வருட மேஸ்திரி. நாற்காலியில்கூட உட்காரவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. வந்தது வேறு. "அண்ணே, நீங்க சுவத்தோட உள் விளிம்புலேருந்து அளந்துட்டீங்க. வெளி விளிம்புலேருந்து அளந்திருந்தா சரியா வந்திருக்கும்." சுவர் ஒன்பது அங்குலம் அல்லவா, கணக்கு அழகாகப் பொருந்தியது. பொய் எப்படி இவ்வளவு சுத்தமாக வருகிறது எனக்கு?

அவர் தாளில் அந்தச் சுவர்க் கோட்டின் மேல் விரலை வைத்தார். "நான் எப்பவும் உள் விளிம்புலேருந்துதானே தாயி அளக்குறேன். அப்ப முன்னாடி கட்டுன வீடெல்லாம்?"

"அதெல்லாம் பழைய முறை அண்ணே."

"சரி தாயி. படிச்ச புள்ள நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். எனக்கு நன்றி வேறு சொன்னார்.

பிப்ரவரி 19

நோன்பு பிறந்துவிட்டது. சபியா வீட்டில் புது மேஸ்திரி.

அந்தத் தாள் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. கிழிக்கவும் முடியவில்லை, சாரின் மேசையில் வைக்கவும் முடியவில்லை.

மார்ச் 2

வீரையாவின் எண்ணை எடுத்தேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். நாளை பேசுவேன்.

மார்ச் 3

பேசவில்லை.

மார்ச் 24

மத்தியானம் சார் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். திருவாடானையில் வீரமணி என்று ஒரு விவசாயி, மகள் கல்யாணத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வீடு கட்டுகிறார். மேஸ்திரி வேலை வீரையாவுக்குக் கிடைத்திருக்கிறது. நடுவரிசைத் தூண் நான்கையும் வெளி விளிம்பிலிருந்து அளந்து நட்டுவிட்டாராம். நான்கும் ஒன்பது ஒன்பது அங்குலம் தள்ளி. பிளானில் ஒரு தப்பும் இல்லையாம். வேலையாட்கள் சொல்லியும் கேட்கவில்லையாம், "படிச்சவங்க சொன்ன முறை" என்றாராம்.

"பாத்தியாம்மா, அன்னைக்கே சொன்னேன்ல, அந்தாளுக்கு அளக்கத் தெரியாதுன்னு" என்றார் சார். "இனி ஒரு பய அவனக் கூப்பிட மாட்டான்."

யார் சொன்னது என்று வீரையா பெயர் சொல்லவில்லையாம். கேட்டும் சொல்லவில்லையாம்.

"ஆமா சார்" என்றேன்.

மார்ச் 25

சாப்பாட்டு நேரத்தில் திருப்புளி வாங்கி வந்து மவுஸைத் திறந்தேன். சக்கரத்தைக் கழற்றி மேசை டிராயரில் போட்டேன். ஓர் அரை நிமிட வேலை. என்ன இது என்று சார் கேட்டார். விரலில் உணர்ச்சி இல்லை, சக்கரம் தானாக உருள்கிறது என்றேன். "இத முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா?" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

மாலைவரை வரைந்தேன். திரை ஒரு தடவைகூட அசையவில்லை.