பின்னறைக்குக் கனகாம்பரக் கலர்

என் செல்ல அம்மாவுக்கு,

உன் பேச்சை மீறிவிட்டேன். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாதியிலேயே எனக்குத் தைரியம் போய்விடும். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் மனசு கோணாம நடந்துக்கடி" என்று சொன்னாயே, நானும் தலையாட்டினேனே, அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

உன் தலைத் திவசம் நல்லபடியாக முடிந்தது. அண்ணி சுட்ட வடையில் உப்பு கொஞ்சம் தூக்கல், நீ இருந்திருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பாய். வருஷம் திரும்பும்வரை சுவரைத் தொடக் கூடாது என்றார்கள், வீடு அப்படியே அழுக்கேறிக் கிடந்தது. அன்று சாயங்காலம் அண்ணன் பெண்ணாடத்தில் இருக்கிற அவன் வீட்டுக்குக் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"பெயிண்டர் அந்தோணிகிட்ட பேசிட்டேன். வூடு முழுக்க ஒரே க்ரீம் கலரு. வாடகைக்கு வுடறதுக்கு அதான் தோது. நீ எங்க வூட்டு மாடி ரூம்புல வந்து இருந்துக்க."

அவன் செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் என் வீடு போய்விட்டது அம்மா. இத்தனைக்கும் வீட்டை எங்கள் இரண்டு பேர் பேரிலும்தான் நீ எழுதி வைத்திருக்கிறாய். அண்ணன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தங்கச்சி தனியாகக் கிடக்கிறாளே என்று அவனுக்கு உண்மையாகவே கஷ்டம்தான். ஆனால் அந்த மாடி ரூமில் இருந்தால் விடிந்ததும் காப்பி போடுவது யார், பீங்கான் கம்பெனி வேலையை விடச் சொல்லப்போவது யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா?

இதில் உனக்கும் பங்கு உண்டு, கோபித்துக்கொள்ளாதே. பதினோரு வருஷத்துக்கு முன்னால், என்னைக் கட்டிக்கொண்ட ஆள் கை நீட்டியது போதும் என்று வேப்பூரிலிருந்து ஒரு பையோடு வந்து நின்றேன். நீ ஒரு கேள்வி கேட்கவில்லை, தட்டைக் கழுவிச் சோறு போட்டாய். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் மறுநாள் பக்கத்து வீட்டில் கேட்டபோது, "லீவுக்கு வந்திருக்கா" என்றாய். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னாய். எந்த ஊர் ஸ்கூலில் அம்மா பதினோரு வருஷம் லீவு விடுகிறார்கள்?

பின்னறையில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாய். "போற பொண்ணு, சுவத்த எதுக்குப் பொத்தலாக்குற?" என்றாய். எங்கே போகிற பொண்ணு? ஒவ்வொரு வருஷமும் காலண்டரைத் துணிப்பெட்டி மேல் சாய்த்து வைத்தேன், அது சரிந்து சரிந்து விழுந்தது.

அதனால் இந்தத் தடவை நானே பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெயிண்ட் கடைக்குப் போனேன். "பின்னறைக்குக் கனகாம்பரக் கலர் வேணுங்க" என்றேன். கடைக்காரர் கலர் அட்டையைப் பிரித்து நீட்டினார். கனகாம்பரத்திலேயே வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை ஒரு வரிசை இருக்கிறது. அதில்தான் கோட்டை விட்டேன், கேட்டால் நீ சிரிப்பாய்.

நீ காலமெல்லாம் அதே கம்பெனியில் பியூஸ் கேரியரை வெள்ளைப் பூச்சில்தான் முக்கினாய். நான் பீங்கான் பொம்மைக்குக் கலர் பூசுகிறவள். சூளைக்குள் போகும்போது எந்தக் கலரும் வெளிறித்தான் இருக்கும், வெந்து வந்தால்தான் நிறம் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் என் விரல் தானாகப் போய் வெளிறிய கட்டத்தில் நின்றது. "இதாங்க" என்றேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி. அந்தோணி அடித்து முடித்ததும் சூளைக் கதவு திறக்கக் காத்திருப்பதுபோலச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். காய்ந்தது. க்ரீம் கலர்தான். சுவருக்கு யார் அம்மா தீ மூட்டுவது?

"காஞ்சாலும் இவ்ளோதாங்க்கா" என்றார் அந்தோணி. அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான். சுவரைச் சுற்றிப் பார்த்தான், முகமெல்லாம் சந்தோஷம்.

"பாத்தியா, இப்பதான் வூடு மாதிரி இருக்குது. அந்தோணி, இதையே எல்லா ரூம்புக்கும் அடிச்சிடுங்க."

அந்தோணி என்னைப் பார்த்தார். "என்னக்கா பண்ணட்டும்?"

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். யார் மனசும் கோணியிருக்காது, நான் உனக்குத் தலையாட்டியதும் அப்படியே இருந்திருக்கும். ஒரு நிமிஷம் அதைத்தான் நினைத்தேன், உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

"இல்லைங்க, தப்பா எடுத்துட்டேன். மாத்திட்டு வரேன். இந்த ரூம்புக்கு நல்ல அடர்த்தியா கனகாம்பரம் அடிக்கணும்" என்றேன்.

"கனகாம்பரமா? வாடகைக்கு வரவன் பாத்துட்டு ஓடிடுவான்."

"வாடகைக்கு யாரும் வரலண்ணா. நான் இருக்கேன்."

"யாரக் கேட்டு முடிவு பண்ண?"

"யாரையும் கேக்கல."

அவன் குரல் இறங்கிவிட்டது. "தனியா இருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"பதினோரு வருஷமா பேசிட்டுதான் இருக்காங்க. அவங்க வாயும் வலிக்கல, எனக்கும் ஒன்னும் ஆகல."

"அம்மா இருந்திருந்தா இப்படிப் பேசுவியா நீ?"

"அம்மா இருந்திருந்தா உன் பக்கந்தான் பேசும். தெரியும். அப்பவும் இதையேதான் சொல்லுவேன்."

டீ போட்டு வைத்திருந்தேன், குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய் அட்டையில் கடைசிக் கட்டத்தைக் காட்டினேன். "இது ரொம்ப அடிக்கும்மா, யோசிச்சுக்கோங்க" என்றார் கடைக்காரர். அடிக்கட்டும் என்றேன்.

அண்ணன் இன்னும் போன் எடுக்கவில்லை. நான் தினமும் ஒரு தடவை போடுகிறேன். அவன் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் எங்கே படுப்பார்கள் என்று யோசித்து, முன்னறைக்கு அவர்களையே கலர் சொல்லச் சொல்லலாம் என்றிருக்கிறேன். நீ இருந்திருந்தால் இந்த நிறத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாய் அம்மா? கண் கூசுது என்றிருப்பாயா? இல்லை, யாரும் பார்க்காதபோது ஒரு தடவை தொட்டுப் பார்த்திருப்பாயா?

உன் படத்தை ஹாலில் மாட்ட வேண்டும் என்றுதான் அண்ணன் சொல்லியிருந்தான். நேற்று சுத்தியலை எடுத்தேன். பின்னறையில், கனகாம்பரச் சுவரின் நடுவில், நல்ல பெரிய ஆணியாகப் பார்த்து அடித்தேன். சுவர் பொத்தலாகிவிட்டது. அதில் உன்னைத்தான் மாட்டியிருக்கிறேன்.

இனி யார் கேட்டாலும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். அண்ணன் வந்தால் டீ கொடுப்பேன், திட்டினால் திருப்பித் திட்டுவேன், மாடி ரூமுக்கு மட்டும் போக மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

லீவு முடிந்து வீட்டிலேயே இருக்கும்,
உன் மகள்
அமுதா