ஏறிருச்சா

ஜன. 4, ஞாயிறு

நல்ல பனி. எட்டு மணி வரை மலையே தெரியவில்லை. படகு மோட்டார் வந்துவிட்டது, மகள் சென்னையிலிருந்து அனுப்பியது. ஒரு நீளக் கம்பி, அடியில் சின்ன விசிறி, மேலே கைப்பிடி. திருகினால் வேகம், அசைத்தால் திசை. ஒரு கை போதும்.

ஒரு கை போதும் என்று இவர் இதுவரை மூன்று முறை சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். பத்து மாதம் முன்பு வந்த பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. ஸ்கூட்டர் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அவருக்கும் தெரியும், தேடுவதில்லை.

"ஓட்டுறதுக்கு ஏதாவது ஒண்ணு வேணும் சாந்தா, அம்புட்டுத்தேன்."

படகு திருவாதவூரில், கொழுந்தன் முருகேசன் வீட்டு மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. பழைய ஃபைபர் படகு, இரண்டு பேர் உட்காரலாம். இந்த வருடம் கண்மாய் நிறைந்து மறுகால் போகிறதாம். நிறைந்து நாலைந்து வருடம் ஆயிற்று. முருகேசன் போனில்: "மதினி, பொங்கல் கழிச்சு மடையத் தொறந்துருவாய்ங்க. மண்ணு மேடிட்டுப் போன கண்மாய், பாக்கத்தேன் கடலு, தண்ணி நிக்காது. அதுக்குள்ள அண்ணனக் கூட்டிட்டு வந்துருங்க."

பேட்டரி என் பொறுப்பு. காலேஜ் இயற்பியல் லேபில் இருபத்தாறு வருடம் உதவியாளர். என்னை விட்டால் யார்?

ஜன. 6, செவ்வாய்

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

பேட்டரி யோசனை:
– கார் பேட்டரி: வண்டியைக் கிளப்ப மட்டும். மணிக்கணக்கில் இழுத்தால் சீக்கிரம் செத்துவிடும். வேண்டாம்.
– இன்வெர்ட்டர் பேட்டரி: நின்று உழைக்கும். ஐம்பது கிலோவுக்கு மேல். யார் தூக்குவது? படகு வேறு சாயும்.
– லித்தியம்: ஒரு கையில் தூக்கலாம். மூடி கிடையாது, உள்ளே பார்க்க முடியாது. பார்க்க முடியாததை எப்படி நம்புவது?
– பேட்டரி ஆட்டோவில் போடுவது: முப்பது கிலோ. நாள் முழுக்க மெதுவாக இழுப்பதற்கென்றே செய்தது. மூடி உண்டு, ஆறு செல்லையும் திறந்து பார்க்கலாம்.

கடைசிதான் சரி என்று எழுதும்போதே தெரிகிறது. இருந்தாலும் இன்னும் இரண்டு கடையில் கேட்க வேண்டும்.

ஜன. 9, வெள்ளி

நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் நம் தெரு முனை பாய் கடைக்கே வந்தேன். அவர் எப்போதும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், திருத்துவதை விட்டுவிட்டேன். பேட்டரி ஆட்டோ பேட்டரிதான் சரி என்று அவரும் சொன்னார். மூன்று பேட்டரியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றிலும் ஆசிட் அடர்த்தி பார்த்தேன், சார்ஜ் எவ்வளவு என்று சொல்வது அதுதான். பாய் சிரித்தார். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் போல இருக்கிறதாம். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. இருந்தும் வாங்காமல் வந்துவிட்டேன்.

இவர் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் ஒன்றும் இல்லை என்று பார்த்ததும் உள்ளே போய் டிவியைப் போட்டார்.

ஜன. 13, செவ்வாய்

வாங்கியாயிற்று. முதலில் பார்த்த அதே பேட்டரி. நாலு நாள் தண்டம். சார்ஜர் பத்து ஆம்பியர்.

பொங்கல் சாமான்: கரும்பு 1, மஞ்சள் கொத்து, வெல்லம், கோலப்பொடி. புதுப்பானை மறந்துவிட்டது.

ஜன. 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். நமக்கு ஏது மாடு? இவர் பேட்டரியைத் துடைத்து, ஆறு மூடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். வலது கையால் வரிசை தப்பாமல் வைத்தார். கோயில் குங்குமம், நல்ல சிவப்பு. டிப்போவில் ஆயுத பூஜைக்கு வைக்கிற மாதிரியே.

பிறகு நான் சார்ஜ் போட உட்கார்ந்தேன். மூடியைத் திறந்து பார்த்ததில் தண்ணீர் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஆறையும் மேல் கோடு வரை நிரப்பினேன். மூடி, கிளிப் மாட்டி, சுவிட்ச் போட்டேன். இவர் நிலைப்படியில் காப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, நீ பாரு" என்றார்.

சாயங்காலம் இரண்டு முறை கேட்டார். "ஏறிருச்சா?"

ஜன. 17, சனி

கெட்ட நாள்.

காலையில் பார்த்தால் நாலாவது ஐந்தாவது மூடியில் குங்குமம் மஞ்சளாக மாறியிருந்தது. மற்ற நாலும் சிவப்பு. லேபில் முதல் வருடப் பிள்ளைகளுக்குக் காட்டும் வேடிக்கை. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆசிட் பட்டால் குங்குமம் திரும்ப மஞ்சளாகும். ஆசிட் வெளியே வந்திருக்கிறது. அப்படியென்றால் பேட்டரியில் கோளாறு.

கோபம் இவர் மேல் பாய்ந்தது. பொட்டு வைக்கிற இடமா அது, மூடி வழியாக என்ன விழுந்ததோ என்று கத்தினேன். பொட்டு வைத்திருக்காவிட்டால் ஆசிட் வந்ததே தெரிந்திருக்காது. அது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கவில்லை.

பாய் மகள் கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் போயிருக்கிறார். கடையில் அவர் தம்பி. அண்ணன் வந்துதான் பார்க்கணும் என்று பேட்டரியை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் ஆகுமாம்.

இவர் கேட்டார், நாளைக்கே இன்னொன்று வாங்கினால் என்ன? காரணம் தெரியாமல் வாங்கக் கூடாது என்றேன்.

ஜன. 21, புதன்

மடை திறந்துவிட்டார்கள். முருகேசன் போன். நான் எடுக்கும் முன் இவர் எடுத்துவிட்டார். "அப்பிடியா", "சரிடா", "உங்க மதினி பாத்துக்கிட்டு இருக்கா." அவ்வளவுதான் பேசினார்.

ஜன. 26, திங்கள்

விடுமுறை. மாடியில் மயில், காயப்போட்ட வற்றலைக் கொத்திவிட்டுப் போயிற்று.

பாய் போன் செய்தார். பேட்டரியில் ஒன்றுமே இல்லையாம்.

"டீச்சர், தண்ணிய சார்ஜுக்கு முன்னாடியா ஊத்துனீங்க? சார்ஜ் ஏறையில பொங்கும்ல. ஏறி முடிச்ச பெறகுதான கோடு வரைக்கும் ஊத்தணும்."

எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. புது ஆர்வத்தில் கை முந்திக்கொண்டது. ஆசிட்டைக் கண்டதும் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், இவரைச் சந்தேகப்பட்டேன், என் கையை மட்டும் சந்தேகப்படவில்லை.

இதற்குப் பிறகு செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆகவேண்டும். பாயிடம், "அவர் ஊத்திட்டார் போல" என்று சொன்னேன். தானாக வாயில் வந்தது. இவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். பேப்பரைப் பக்கம் திருப்பினார், நிமிரவில்லை.

பத்து நாள் வீண், மடை திறந்து ஐந்து நாள் தண்ணீரும் போயிற்று.

ஜன. 28, புதன்

பேட்டரி வந்தது. சார்ஜ் போட்டேன். அடர்த்தி: நாலு செல் 1260, முழு சார்ஜ். சிந்திய இரண்டும் 1235, 1230. படகுக்கு இது தாராளம், ஒரு மணி நேரத்துக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மெதுவாக இன்னும் இரண்டு நாள் ஏற்றினால் சமமாகிவிடும்.

"ஏறிருச்சா?"

இன்னும் இரண்டு நாள் என்றேன்.

ஜன. 30, வெள்ளி

பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை 5. மறந்தே போனேன். பாதியில் நின்றது. தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தவள் நான்தான்.

பிப். 1, ஞாயிறு

பூசம். தெரு முழுக்கக் காவடி, ஆட்டோ எதுவும் உள்ளே வரவில்லை. வந்திருந்தாலும் போயிருப்பேனா? மூன்று முறை அளவு எடுத்து சராசரி போட்டுக்கொண்டிருந்தேன். முருகேசன் வாட்ஸ்அப்பில் ஒரு படம். கண்மாய் ஓரமெல்லாம் சேறு, நடுவில்தான் தண்ணீர். இவர் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

பிப். 3, செவ்வாய்

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். பேட்டரி ஒரு சாக்கு. எனக்குப் பயம். நடுக்கண்மாயில் சார்ஜ் தீர்ந்துவிட்டால், ஒரு கையை வைத்துக்கொண்டு இவர் எப்படிக் கரைக்கு வருவார்? அன்று பாத்ரூமில் விழுந்து கிடந்ததைப் பார்த்த கண் இது. அதிலிருந்து இவர் எங்காவது நகர்ந்தாலே கை வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போகிறேன். பயம் என்று சொல்லியிருந்தால் இவர் என்னைச் சமாதானப்படுத்தியிருப்பார். நான் அடர்த்தி என்று சொன்னேன். அதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்?

சாயங்காலம் பார்த்தேன். ஆறும் 1260. ஞாயிறு போகலாம் என்றேன்.

பிப். 8, ஞாயிறு

காலையிலேயே வெயில். இவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டார். எப்போது துவைத்தார், எப்போது இஸ்திரிக்குக் கொடுத்தார், தெரியாது. ஆட்டோவில் பேட்டரியைக் காலுக்கிடையில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கரை ஏறியதும் நின்றுவிட்டார். கண்மாய் நடுவில் மாடு மேய்கிறது. மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர், தொடையளவு இருக்கும்.

முருகேசன் பேட்டரியைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்து இறக்கினார். படகில் நான் முன்னால், இவர் பின்னால். திருகினார். சத்தமே இல்லாமல் நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படி நேராக, தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பதினொரு மாதமாக நான் பார்க்காத ஒன்று இருந்தது.

நாலு பஸ் நீளம் போயிருப்போம். விசிறி சேற்றில் சிக்கித் தண்ணீர் காவி நிறமானது. இவர் தலையைத் திருப்பிப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு ரிவர்ஸ் போட்டார். அங்கே யார் வரப்போகிறார்கள்? படகு அசையவில்லை. முருகேசன் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கித் தள்ளினார்.

"எறங்குவோம்" என்றார் இவர்.

பேட்டரியில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

திரும்பும்போது மேலூர் பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் சொல்லிவிட்டேன். தண்ணீர் ஊற்றியது நான்தான், பாயிடம் உங்கள் பேரைச் சொல்லிவிட்டேன் என்று.

"தெரியும்" என்றார். "பக்கத்துலதான இருந்தேன்."

கொஞ்ச தூரம் போனதும், வெளியே பார்த்தபடியே சொன்னார்: "நீ ஊத்துறப்பயே பாத்தேன். டிப்போல சார்ஜ் ஏத்திட்டுத்தேன் ஊத்துவாய்ங்க. லேபுல இருந்தவளுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிப். 19, வியாழன்

அறுப்பு ஆரம்பம் என்று முருகேசன் சொன்னார். கண்மாயில் இப்போது பையன்கள் கிரிக்கெட். படகை மறுபடி கவிழ்த்துவிட்டார்களாம்.

சாவியை அரிசி டப்பாவிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினேன். இரண்டு நாளாக அங்கேயே தொங்குகிறது.

பால் அட்டை, கேஸ் புக்கிங், இவர் மாத்திரை (காலை மட்டும் 2).

மார்ச் 5, வியாழன்

வெக்கை தொடங்கிவிட்டது. சும்மா கிடந்தாலும் பேட்டரிக்கு மாதம் ஒரு சார்ஜ் போட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். நேற்றுக் காலை போட்டது. ஏறி முடிந்த பிறகு தண்ணீர் ஊற்றினேன். ஆறு செல்லும் 1260. ஒரே முறைதான் அளந்தேன்.

இவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நேற்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். பிறகு நானே போய், "ஏறிருச்சு" என்றேன்.

"சரி" என்றார்.