குளிரில் எடுத்த அளவு

நாள் 41, காலை 8:10
நிலவு, தென்துருவ நிலையம். எழுதுவது செந்தழை, பத்தாம் வகுப்பு. இன்று ஆய்வகம் என் பொறுப்பு. அம்மாவும் பொறியாளர் தேவசகாயம் மாமாவும் உடைந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்யக் கவச வண்டியில் போயிருக்கிறார்கள். மாலைக்குள் முடியாவிட்டால் மூவருக்கும் காற்றில்லை. நேற்று சூரியப் புயல் அடித்ததால், புறப்படுமுன் எல்லோருடைய இரத்தமும் எடுத்தோம்.

சும்மா உயிரோடிருப்பதாலேயே டி.என்.ஏ. கொஞ்சம் சேதமாகும். சேதமான மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணு ஒட்டி எடை கூடியிருக்கும். நிறை நிறமாலைமானி அந்த எடையை வைத்து அதைப் பிரித்தெடுக்கும். பத்து லட்சத்துக்கு மூன்று, நான்கு என்றால் இயற்கை; புயலின் கதிர்வீச்சு பட்டிருந்தால் கூடும்.

10:35
மூவருக்கும் நாற்பதுக்கு மேல்!

வானொலியில் சொன்னதும் அம்மா: "யாருக்காவது நெசமாவே கூடியிருந்தா சொல்லு. வேலையப் போட்டுட்டு உடனே வந்துருவேன்."
"இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேம்மா."

11:20
ஈயப்பெட்டியில் பத்திரமாக இருந்த ஒப்பீட்டுக் குப்பியை அதே முறையில் சோதித்தேன். அதிலும் நாற்பது. கதிர்வீச்சே படாத டி.என்.ஏ. அது! தவறு என்னுடையது. சீக்கிரம் முடிக்க மாதிரிகளைச் சூடாக்கினேன். சூட்டில் காற்றின் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டது. சேதத்தைத் தேடப்போய் நானே உண்டாக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் மறுபடி, குளிரில்.

பிற்பகல் 2:05
ஒப்பீட்டுக் குப்பி: மூன்று. மாமா: மூன்று. அம்மா: நான்கு.
நான்: முப்பத்தெட்டு.

2:40
என் மீதி இரத்தத்திலும் முப்பத்தெட்டு. என் அறைக்குப் போய்ப் பார்த்தேன். படுக்கையை ஒட்டிய சுவரில் கதிர்வீச்சைத் தடுக்கும் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. எங்கோ கசிந்து வற்றியிருக்கிறது. புயல் முழுக்க அங்கேதான் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் வந்த வாந்தியை இட்லிப்பொடியின் வேலை என்று நினைத்திருந்தேன்.

2:55
மாமா: "என்னட்டி டாக்டரு, நான் தேறுவேனா?"
"உங்களுக்கு மூணு மாமா."
"மூணா! அது நான் கணக்குல வாங்குன மார்க்குல்லா!"
அம்மா: "சும்மா இருங்கண்ணே. உனக்கு எவ்வளவு கண்ணு?"
"நாலும்மா. உங்கள மாதிரியே. குழாய முடிச்சிட்டு வாங்க."

5:50
மாத்திரை போட்டேன். வாந்தி நிற்கவில்லை. ஈறில் இரத்தம். காற்று அளவு ஏறுகிறது, குழாய் வேலை செய்கிறது. வண்டி திரும்பிக்கொண்டிருக்கிறது.

6:15
எழுத்து கோணலாக வருகிறது. அம்மா, நான் பேசும் நிலையில் இல்லாவிட்டால் இதைப் படியுங்கள். வானொலியில் சொன்னது பொய். முப்பத்தெட்டுதான் சரி. மறுபடி சோதிக்க நேரத்தை வீணாக்க வேண்டாம், அதைக் குளிரில்தான்