விராலைக் கொண்டுபோய் மேசை மேல் வைத்தவளுக்கு

அக்கா,

சேலையூரில் நான் வேலை செய்யும் வீட்டில் இன்று காலை விரால் குழம்பு கொதித்தது. வாசனை வந்ததும் பாத்திரம் தேய்த்த கை நின்றுவிட்டது. அது பண்ணை விரால்தான், நம் ஏரி மீன் இல்லை. ஆனாலும் நீ வந்துவிட்டாய்.

நம் இருளர் குடியிருப்பில் எதிரெதிர் வீடு நமக்கு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவி, வெறுங்கையால் விரால் பிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. பெரியதை ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் விற்போம். மிச்சம் நம் சட்டிக்கு.

ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயோரம் பழைய ட்யூப்லைட்டுகளை உடைக்கும் கொட்டகை ஒன்று வந்தது. மழை பெய்தால் அந்தத் தூளெல்லாம் கால்வாயில் இறங்கும். நாம் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சில வருடங்களில் உன் கை நடுங்க ஆரம்பித்தது. உதடு மரத்தது. பிடித்த மீன் உன் கையிலிருந்தே நழுவியது. மருத்துவமனையில் உன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "குடிப்பியா?" என்று கேட்டார்கள்.

"டீ குடிப்பேன்" என்றாய்.

ட்யூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது என்பதே, கொட்டகை வேலையை விட்டு நின்ற ஒருவர் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். வந்தவர்கள் தண்ணீரை மட்டும் பாட்டிலில் பிடித்துப் போய், சுத்தமாக இருப்பதாக எழுதிவிட்டார்கள். மறுவாரம் நீ ஒரு விராலைக் கொண்டுபோய் அதிகாரியின் மேசை மேல் வைத்தாய்.

"ஏரி நல்லா கீதுன்னு எழுதிக்கினீங்களே சார். இத்த வூட்டுக்கு எட்த்துனு போங்க. புள்ளைங்களுக்கு வறுத்துக் குடுங்க."

அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

அதற்குப் பிறகுதான் மீனையும் சேற்றையும் சோதித்தார்கள். உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, உன் தலைமுடியை நீயே வெட்டிக் கொடுத்தாய். எல்லாவற்றிலும் பாதரசம். "ஏரி மீன் சாப்பிடாதீங்கம்மா" என்றார் அதிகாரி.

"நாங்க துன்றத நிறுத்துறோம். அவன் ஒடைக்கிறத யாரு நிறுத்துவா?"

நம் ஆட்களே, "உன்னாலதான் மீனு போணி ஆவல" என்று சண்டைக்கு வந்தார்கள். நீ வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும், "கைய நீட்டு" என்றாய். நீட்டிய கைகளில் பாதி நடுங்கின. பிறகு யாரும் சண்டை போடவில்லை.

கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. சேற்றை மட்டும் யாரும் அள்ளவில்லை, நமக்கு வைத்தியமும் இல்லை. அதற்காக இரண்டாவது மனு போட்டாய். பதில் வருவதற்குள் போய்விட்டாய். காகிதத்தில் மாரடைப்பு என்று இருக்கிறது. எது உன் உயிரை எடுத்தது என்று எனக்குத் தெரியாது. எது உன் கையைப் பறித்தது என்று தெரியும்.

நேற்று அந்த அலுவலகத்துக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் அதிகாரி கோப்பைப் புரட்டினார். "மனு போட்டவங்க இறந்துட்டாங்களேம்மா. முடிச்சிடலாமா?"

குரல் உடைந்துவிடும் என்று பயந்துகொண்டே போயிருந்தேன். உடையவில்லை.

"அவங்க பேரு அப்படியே இருக்கட்டும் சார். கீழ என் பேர எழுதிக்கோங்க" என்றேன். நம் தெருப் பெண்கள் எனக்குப் பின்னால் கதவு வரைக்கும் நின்றிருந்தார்கள். அவர் பேனாவை எடுத்தார்.

"அதுக்கும் கீழ எடம் வுட்டு எழுதுங்க சார். இவங்க பேரும் வரும்."