கூப்பிட்டுப் பாருங்க

அன்பு மகனுக்கு,

எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறதே என்று பதறாதே. இடது கையால் எழுதிப் பழகுகிறேன்; மூளைக்கு நல்லதாம். வீடியோவில் வரச் சொல்லாதே, போனில் கேமரா பழுது.

நீ நச்சரித்த அந்த டாய் சி உடற்பயிற்சி வகுப்பில் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டேன். தண்ணீருக்குள் நடப்பது போல மெதுவாகக் கால் மாற்றுகிறார்கள். "ஆமைகூட நம்மள முந்திடும்க்கா" என்றேன் எதிர்வீட்டு அக்காவிடம். எனக்கு மட்டும் இப்போதைக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான்.

குளியலறையில் கைப்பிடி போட்டாயிற்று. இனி அதைப் பற்றிக் கேட்காதே.

நேற்று மாஸ்டர், "விழுந்துட்டா எழுந்திருக்க அவசரப்படாதீங்க. முதல்ல யாரையாவது சத்தமா கூப்பிடுங்க. எங்க, ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பாருங்க" என்றார். அக்கா தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதர், "என்னம்மா ஆச்சு?" என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

என் முறை வந்தது. வாயில் வேறு யார் பெயரும் வரவில்லை, உன்னைத்தான் கூப்பிட்டேன். "நல்ல குரல்" என்று மாஸ்டர் பாராட்டினார்.

அன்றைக்குக் குளியலறைத் தரையில் கிடந்து கூப்பிட்டபோது இவ்வளவு சத்தம் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா