கண்டவர் பெயர்

17 மார்ச் 1996, ஞாயிறு
காலை ஐந்தே முக்காலுக்கே புழுக்கம். அடையாறு முகத்துவாரம், உடைந்த பாலம் வரை. தனியாக. சாரதா வரவில்லை, பெண்ணுக்குப் பரீட்சை.

பள்ளிக்கூட லேபில் ஓரங்கட்டிய தொலைநோக்கியை மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். நிலா பார்ப்பதற்காகச் செய்தது. எல்லாம் தலைகீழாகத் தெரியும், இடம் வலமாகும். அதனால் கண்ணுக்குத் தெரிகிறபடியே ரஃப் நோட்டில் கிறுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து நல்ல நோட்டில் திருப்பி எழுதுவேன்.

வலை வீசும் தேசிங்கு: "இன்னாம்மா, பீரங்கி எட்தாந்துகீற! யார சுடப் போற?"

பவளக்கால் உள்ளான் - 20க்கு மேல்
ஆலா - 6
உப்புக்கொத்தி - எண்ண முடியவில்லை, நிற்கவே மாட்டேன் என்கிறது
வளைமூக்கு உள்ளான் - பெரிய கூட்டம். மார்பில் செங்கல் நிறம் ஏற ஆரம்பித்துவிட்டது. வடக்கே கிளம்பப் போகிறதுகள்.

கூட்டத்தில் ஒன்றின் காலில் வெள்ளை வளையம்!! எந்த நாட்டிலோ யாரோ கையில் பிடித்து மாட்டிவிட்டது. பதினோரு வருஷத்தில் இதுதான் முதல். எனக்கு முதுகு காட்டி நின்றது. ரஃப் நோட்டில் எழுதினேன்: "வளையம், இடது கால்." (அதாவது வலது.)

திரும்பும்போது குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன். போகட்டும்.

20 மார்ச், புதன்
பரீட்சை டியூட்டி. கால் வீக்கம்.

சாயங்காலம் சா. வந்தாள். வளையத்தைச் சொன்னதும் கட்டிக்கொண்டாள். "சத்தியமாவாடி கலா? நேக்குக் குடுத்துவெக்கலையே!" எங்கள் பறவைக் குழுவின் மாதச் சுற்றறிக்கையைத் தொகுப்பவள் அவள்தான். நல்ல நோட்டில் நான் இன்னும் எழுதவில்லை என்றேன். "ரஃப் நோட்டையே குடு, நான் பார்த்து எழுதிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். திருப்பி எழுத வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் கோடியக்கரையில் வளையம் மாட்டும் முகாம். குழுவுக்கு ஒரே ஒரு இடம். இந்த மாதம் அரிதாக எதையாவது கண்டவருக்கு என்று முடிவாகியிருக்கிறது. வேறு யார், நான்தான். ஹெச்.எம்.மிடம் லீவுகூடச் சொல்லிவைத்துவிட்டேன். ஒரு பறவையைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷமும் தூரத்திலிருந்தே பார்த்தாகிவிட்டது.

28 மார்ச், வியாழன்
சூறைக்குருவிக் கூட்டம், லஸ் பக்கம் ஒரு ஆலமரத்தில். என்ன கூச்சல்! தேர்தல் ஆட்டோ மைக்கையும் மீறிக் கேட்டது. சா.விடம் கால் விஷயத்தைச் சொல்ல இன்றும் மறந்தேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

3 ஏப்ரல், புதன்
தபாலில் சுற்றறிக்கை. நின்றபடியே படித்தேன்.

"வளையமிட்ட வளைமூக்கு உள்ளான், அடையாறு முகத்துவாரம், மார்ச் 17, இடது கால். கண்டவர்: சாரதா."

முதலில் டைப் அடித்ததில் தவறு என்று நினைத்தேன். அதற்குக் கீழேயே, முகாமுக்குப் போகிறவர்: சாரதா.

ரஃப் நோட்டும் கூடவே வந்திருக்கிறது, அழகாக பிரவுன் அட்டை போட்டு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைக்கவில்லை.

4 ஏப்ரல், வியாழன்
மயிலாப்பூர், சா. வீடு. பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பேப்பரோடு ஊஞ்சலில்.

"வாடி. காபி சாப்பிடறியா?"

"என் பறவைக்கு ஏன் உன் பேர் போட்டே?"

கை நின்றது. கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "அன்னிக்கு சாயங்காலம் நானும் போனேனே. உங்கிட்ட சொல்லலையா?"

"பைனாகுலர்லயா பார்த்தே?"

"ஆமா."

"எந்தக் கால்?"

"இடது கால்தான். நன்னாப் பார்த்தேன்."

பைனாகுலர் எதையும் திருப்பிக் காட்டாது. அதில் பார்த்திருந்தால் வலது கால் என்றுதான் சொல்லியிருப்பாள். என் தலைகீழ்க் கிறுக்கலைத் தவிர உலகத்தில் எங்குமே அந்தப் பறவைக்கு இடது காலில் வளையம் கிடையாது. அதைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. பூவைக் கீழே வைத்துவிட்டு என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மெதுவாப் பேசு. நோக்கு லீவு தரமாட்டான்னு நெனச்சேன்டி. இடம் வீணாப் போயிடுமேன்னுதான்."

"லீவு வாங்கிட்டேன்."

"நேக்கு எப்படித் தெரியும்? நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே. யார் பேர் இருந்தா என்ன?"

அப்படியானால் என் பெயரைப் போட்டிருக்கலாமே. இது தெருக்கோடி வந்தபிறகுதான் தோன்றியது. எனக்கு எல்லாம் இப்படித்தான், தாமதமாக.

மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னாள். அதுதான் ஆறவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்தை நானே விட்டுக்கொடுத்திருப்பேன். இல்லை, கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

6 ஏப்ரல், சனி
குழுச் செயலாளருக்கு போன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க நோட்டுல என்னம்மா எழுதியிருக்கு?"

"இடது கால்னுதான். ஆனா அது..."

"அவங்களும் அதையேதான சொல்றாங்க? ஒரு காலுக்காகவா சண்டை? விடுங்கம்மா."

கத்தினேன். பொதுத் தொலைபேசிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். என் நோட்டே அவளுக்குச் சாட்சி.

கேஸ் வரவில்லை.

14 ஏப்ரல், ஞாயிறு
நேற்று வருஷப்பிறப்பு. வருஷா வருஷம் கொடுத்தனுப்புவதுபோல இந்தத் தடவையும் சா. வீட்டிலிருந்து டப்பாவில் மாங்காய்ப் பச்சடி. அவள் முகாமுக்குக் கிளம்பிய அவசரத்திலும் மறக்கவில்லை. அப்படியே தொட்டியில் கொட்டினேன். டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன், யார் போய்க் கொடுப்பது?

இன்று முகத்துவாரம். நல்ல வெயில். வளைமூக்கு உள்ளான் ஒன்றுகூட இல்லை. சேறு வெறிச்சென்று. கோடியக்கரையில் இந்நேரம் அவள் கையில் ஏதாவது ஒன்று துடித்துக்கொண்டிருக்கும்.

தேசிங்கு வலையை உதறிக்கொண்டே கேட்டார். "அந்தம்மா எங்கம்மா? ரொம்ப நாளா காணோமே."

"செத்துட்டாங்க."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"அய்யய்யோ! நல்லாத்தான இருந்துச்சு? எப்பம்மா?"

"இந்த மாசம் நாலாம் தேதி."

"இன்னாம்மா ஆச்சு?"

சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"அழுவாதம்மா. உம்மேல எம்மாம் உசுரா இருந்துச்சு அந்தம்மா. நான் பாத்துக்கினுதான கீறேன்."